விளையாடிட்டே இருக்கா, எப்ப படிப்பா?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு மூணரை வயசு. ப்ரீ ஸ்கூல்ல சேர்த்து ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. கேட்டா விளையாடினோம், கதை கேட்டோம்னு சொல்றா. டைம் வேஸ்ட் ஆகுதோன்னு பயமா இருக்கு.

பதில்: வேஸ்ட்டே இல்லம்மா. இந்த வயசுல விரலுக்கு இன்னும் பலம் வந்துட்டுதான் இருக்கு, களிமண் உருட்டி, மணி கோர்த்து, பேப்பர் கிழிச்சு பழகினாதான் பின்னாடி பென்சில் ஒழுங்கா பிடிக்க வரும், பிளாக்ஸ் அடுக்கி அது சரிஞ்சு திரும்ப அடுக்கும்போதே பெருசு சின்னது, எத்தனை, எது மேல எதுன்னு கணக்கு உள்ள போயிட்டே இருக்கும். கதை கேக்கற குழந்தைக்கு வார்த்தை சேரும், அது வாசிக்க ஆரம்பிக்கும்போது பெரிய பலம்.

அமெரிக்காவுல 1962ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஒரு ஆய்வு தொடங்கினாங்க. ஏழைக் குடும்பத்து குழந்தைங்க 123 பேர், அதுல 58 பேருக்கு மட்டும் நல்ல ப்ரீ ஸ்கூல், எல்லாரையும் 40 வயசு தாண்டியும் கவனிச்சாங்க. ஐக்யூல வந்த முன்னேற்றம் சில வருஷத்துல மறைஞ்சிடுச்சு, ஆனா ஸ்கூல் படிப்ப முடிச்சவங்க, நல்லா சம்பாதிச்சவங்க அந்த 58 பேர்லதான் அதிகம். பொறுமை, விடாம முயற்சி பண்றது, மத்தவங்களோட பழகறது இதெல்லாம்தான் நின்னிருக்கு, எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது.

ஒருநாள் நேர்ல போய் பாருங்க. டீச்சர் குழந்தைங்களோட கீழ உக்காந்து பேசறாங்களா, அவங்க சொல்றத காதுகொடுத்து கேக்கறாங்களா? அப்படின்னா நிம்மதியா விடுங்க. டிவிய போட்டு உக்கார வச்சிருந்தா வேற இடம் பாருங்கம்மா.