தகவல்தொடர்பு அலையைப் பயன்படுத்தும் ரேடாருக்கு எந்த ரிசீவர் ஏற்றது?

தனக்கெனத் தனி அலையை அனுப்பாமல், டிவி அல்லது கைபேசிக் கோபுரம் அனுப்பும் அலை ஒரு பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அதன் தூரத்தையும் வேகத்தையும் கணிப்பதே இவ்வகை ரேடார். 1935இல் பிரிட்டனின் டேவென்ட்ரி அருகே, பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பைக் கொண்டே விமானம் ஒன்று கண்டறியப்பட்டது.

தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாற்றை ஒட்டிய மலையடிவார ஊர்களில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால், நேராக ஒரு முறையும் மலையில் மோதித் தாமதமாக மறுமுறையும் கேட்கும். பாட்டு நமக்குத் தெரிந்திருப்பதால்தான் எதிரொலியைப் பிரித்தறிகிறோம். ரிசீவரும், கோபுரம் அனுப்பிய அலையின் நகலை வைத்துக்கொண்டே எதிரொலியைத் தேடுகிறது.

தேடும் முறையில்தான் வேறுபாடு. முதல் வகை, நகலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, வந்த அலையோடு பெருக்கிக் கூட்டி, எங்கே பொருந்துகிறது என்று பார்க்கும். இரைச்சல் மிகுந்த இடத்தில் இதுவே சிறந்தது. ஆனால் அனுப்பிய தகவலின் ஏற்ற இறக்கங்கள் பொய் முகடுகளாக எழுந்து, சோதனைச்சாவடிச் சாலையில் லாரியை அடுத்துச் செல்லும் சைக்கிளை மறைத்துவிடலாம். இரண்டாம் வகை, வந்த அலையை அதிர்வெண் வாரியாக நகலால் வகுத்துத் தகவலின் சாயலையே நீக்கிவிடுவதால் சைக்கிள் தெளிவாகும். எனினும் நகல் மெலிந்த அதிர்வெண்களில் சிறிய எண்ணால் வகுக்க நேர்வதால் இரைச்சல் பெருகும். தகவலைச் சுமக்கும் குறியீடுகள் அனைத்தும் ஒரே வலிமையில் அனுப்பப்பட்டால் இவ்வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிடும் என்பது பலர் கவனிக்காத செய்தி. இரைச்சலின் அளவறிந்து வகுத்தலைத் தணிக்கும் நடுவழி முறையே நடைமுறைக்கு மிகவும் உகந்தது என்பது என் கருத்து.

இத்தகைய ரேடார் நம் பேச்சை ஒட்டுக்கேட்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். அதற்குத் தேவை அலையின் வடிவம் மட்டுமே, மறையாக்கப்பட்ட உரையாடலை அது திறப்பதில்லை.