கொறங்காட்டில் குதிரை: வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முழுக்கக் கொழுக்கட்டைப் புல் உள்ள கொறங்காடு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்). தாத்தா காலத்திலிருந்து காங்கேயம் மாடு மேய்கிறது, ஒரு குறையும் இல்லை. போன வருடம் வாங்கிய கத்தியவார் குதிரை நன்றாகத் தின்கிறது, ஆனால் விந்தி நடக்கிறது, முகத்தில் இரண்டு பக்கமும் எலும்பு புடைத்த மாதிரி இருக்கிறது.

எனக்குப் புல் மேல்தான் சந்தேகம். கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஓர் உப்பு. மாட்டின் முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த நுண்ணுயிர் வேலை நடப்பது பின்குடலில், கால்சியத்தை உறிஞ்சுவதோ அதற்கு முன்பே சிறுகுடலில். அதனால் ஆக்சலேட் பிடித்துவைத்த கால்சியம் லத்தியோடு போய்விடும், உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். ஆஸ்திரேலியாவில் இதே புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு இது வந்து, ‘பெரிய தலை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கம்பு நேப்பியரும் கினியாப் புல்லும் இதே ரகம்தான். இதோடு தவிட்டையும் வாளி வாளியாக வைத்தால் கேட்கவே வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம்.

தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தைச் சேருங்கள் (பெயரிலேயே குதிரை இருக்கிறது, நம் ஆட்கள் ஆட்டுக்குத்தான் போடுகிறார்கள்). 400 கிலோ குதிரைக்குச் சும்மா நிற்கவே தினம் 16 கிராம் கால்சியம் வேண்டும், இந்தப் புல்லில் இன்னும் கூடுதலாக. அளவை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், எலும்பைக் கரைத்துத்தான் அந்தக் கணக்கு சரியாக நிற்கிறது.

கேள்வி: லத்தி உரம்தானே, எதற்கு அள்ள வேண்டும்?

புழுவுக்காக. மழை ஈரத்தில் லத்தியிலிருந்து குடற்புழுக்களின் குஞ்சுகள் புல்லில் ஏறிவிடும். வாரம் இரண்டு முறை அள்ளுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, குதிரைக்குப் பின்னால் மாட்டையோ செம்மறியையோ விடுங்கள். குதிரைப் புழு பெரும்பாலும் அவற்றின் வயிற்றில் பிழைக்காது, குதிரை ஒதுக்கிவிட்ட புல்லும் வீணாகாது. லத்தியை உடைத்துப் பரப்புவது சித்திரை வெயிலுக்குச் சரி. ஐப்பசியில் பரப்பினால் காடு முழுக்கப் புழுவை விதைத்த கதைதான்.

கேள்வி: வேலியோரம் அரளி இருக்கிறது, பரவாயில்லையா?

இன்றே எடுங்கள். காய்ந்த இலையும் கொல்லும், வெட்டியதைக் காட்டிலேயே போட்டு வைக்காதீர்கள். வேலிக்குக் கிளுவை இருக்கும்போது அரளி எதற்கு?

கேள்வி: மழை பெய்து புல் துளிர்த்துவிட்டது. குதிரையை எப்போது விடலாம்?

ஒரு சாண் வளரட்டும். நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாடு நாக்கால் சுழற்றி இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு, தரையோடு ஒட்டக் கத்தரித்துவிடும். அப்புறம் மண்ணும் உள்ளே போகும், குடலில் மணல் தங்கினால் வயிற்றுவலியில் புரளும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி லத்தியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கரைத்து வையுங்கள், அடியில் மணல் படிகிறதா என்று தெரிந்துவிடும். முதல் நாள் அரை மணி நேரம் போதும், அதுவும் காய்ந்த தீவனம் கொஞ்சம் தின்ன பிறகு.