மாதிரிப் பயிற்சிக்கு எத்தனை யூனிட் கரண்ட்?

கேள்வி: கல்லூரி சர்வரில் நான்கு ஏ100 ஜிபியுக்களை (கணக்கீட்டு அட்டைகளை) வைத்து ஒரு மொழி மாதிரியை 72 மணி நேரம் பயிற்றுவித்தேன். மின்செலவையும் கார்பன் அளவையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார் மதிப்பாய்வாளர். எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஏ100 அட்டையின் உச்ச வாட்டை (மாடலைப் பொறுத்து 250 முதல் 400 வரை) மணி நேரத்தால் பெருக்கி எழுதிவிடாதீர்கள். அட்டை எப்போதும் உச்சத்தில் ஓடாது; சர்வரின் சிபியு, மெமரி, ஃபேன் எல்லாம் அதில் விடுபட்டும் போகும். எட்டு ஏ100 கொண்ட டிஜிஎக்ஸ் பெட்டியின் உச்ச மின்தேவை 6.5 கிலோவாட்; அதில் ஜிபியுக்களின் பங்கு 3.2 மட்டுமே.

பயிற்சி ஓட்டம் முடிந்துவிட்டதால், அதே பேட்ச் அளவில் (ஒரே தடவையில் மாதிரிக்குக் கொடுக்கும் தரவின் அளவு) ஒரு மணி நேரம் மறுபடி ஓட்டி, 'ஐபிஎம்ஐடூல் டிசிஎம்ஐ பவர் ரீடிங்' கட்டளையால் முழு சர்வரின் வாட்டைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பதிவு செய்து சராசரி எடுங்கள். அந்த நேரம் வேறு யாரும் சர்வரில் வேலை ஓட்டக் கூடாது.

சராசரி 1.9 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 72 மணிக்கு 137 யூனிட். ஏசி, யூபிஎஸ் இழுப்பது தனி. அறை ஏசிக்குத் தனி மீட்டர் இருந்தால் அதையே பாருங்கள், இல்லையென்றால் 1.6 மடங்கு என்று அனுமானித்து, அனுமானம் என்றே எழுதுங்கள். 219 யூனிட் வரும். இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 153 கிலோ. புளூம் என்ற பெரிய மொழி மாதிரியைப் பயிற்றுவித்த பிரான்ஸில், அணுமின்சாரத்தின் தயவில், அந்தக் கணக்கு யூனிட்டுக்கு 57 கிராம்தான். இதே வேலை அங்கே 12 கிலோவில் முடிந்திருக்கும்.

மின்செலவையும் கார்பனையும் தானே கணக்கிடும் கோட்கார்பன் என்ற மென்பொருள் கருவி வசதியானது. ஆனால் சிபியு மின்அளவைப் படிக்க லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்குப் பதில் மதிப்பீட்டைப் போட்டுவிடும். நாட்டை ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிப்பதால் விபிஎன் இருந்தால் வேறு நாட்டுக் கணக்கு வரும். ஆஃப்லைன் முறையில் நாட்டுக் குறியீட்டை நீங்களே கொடுங்கள்.

பலரும் விடுவது தோற்றுப்போன ஓட்டங்களையும் ஹைப்பர்பாராமீட்டர் தேடலையும்தான் (பயிற்சி அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது). பத்து முறை ஓட்டிவிட்டுக் கடைசி ஓட்டத்தை மட்டும் காட்டுவது, என் பார்வையில், கணக்கே அல்ல. ஜாப் பதிவேட்டிலிருந்து மொத்த ஜிபியு மணிகளை எடுத்துச் சேருங்கள். பயிற்சிக்கு வெளியேயும் கார்பன் உண்டு: புளூம் குழு கணக்கிட்ட 50.5 டன்னில் பயிற்சி நேரடியாக இழுத்த மின்சாரத்தின் பங்கு 24.7 டன்தான், மீதி, வேலையில்லாமலும் கருவிகள் இழுத்த மின்சாரமும் அவற்றைத் தயாரித்ததில் வந்த கார்பனும். வாங்கிய கார்பன் ஈட்டுச் சான்றிதழ் எதையும் இதில் கழிக்காதீர்கள். தனி வரியில் காட்டுங்கள்.