சிரிப்புக்கு முன்னால் விலையை எழுதுங்கள்

கேள்வி: தாராவி 90 அடிச் சாலைக்குப் பக்கத்தில் இட்லி மாவும் முறுக்கும் விற்கிறேன். கூட்டம் வர வேண்டுமானால் வாசலில் வேடிக்கையாகப் பலகை வைக்க வேண்டும் என்கிறான் மகன். "மனைவி அரைத்தால் சண்டை, நாங்கள் அரைத்தால் தோசை" என்று எழுதியும் காட்டினான். என் கணவரோ, "வியாபாரம் என்ன விளையாட்டா?" என்று சீறுகிறார். யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: மகன் பக்கம். ஆனால் அந்த வாசகத்தை இன்றைக்கே அழித்துவிடச் சொல்லுங்கள்.

உங்களிடம் மாவு வாங்க வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். கிரைண்டர் வைக்க இடமில்லாத பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்திக்கொண்டு, விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். அவர்களைச் சண்டைக்காரிகள் என்று வாசலில் எழுதிவைத்துவிட்டு அவர்களிடமே காசை வாங்கிக் கல்லாவில் போடுவது அழகா? வாடிக்கையாளரைக் குத்துகிற வேடிக்கை எனக்குச் சிரிப்பே அல்ல.

உங்கள் கணவருக்கு ஒரு பழைய பலகையை நினைவூட்டுகிறேன்: "இன்று ரொக்கம், நாளை கடன்." நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் அவரும் படித்திருப்பார். நான்கே சொற்கள். வாடிக்கையாளர் சிரித்துவிடுகிறார். கடன் கிடையாது என்பதும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. எந்த நாள் வந்தாலும் பலகை அதையே சொல்லும் என்பதுதான் அதன் சூட்சுமம். "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகையும் இதே செய்தியைத்தான் சொல்கிறது, ஆனால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்கிறது. நானாக இருந்தால் முதல் கடையில்தான் மனமுவந்து காசை நீட்டுவேன். வியாபாரம் விளையாட்டல்ல என்கிறார் அல்லவா? அந்த நான்கு சொற்களை எழுதியவர் தன் முதலீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினார்.

இன்னொன்றையும் பாருங்கள். மும்பைக் கடைகளில் அதே வேடிக்கை "ஆஜ் நகத், கல் உதார்" என்று இந்தியில் தொங்குகிறது. சிரிப்பு கருத்தில் இருப்பதால் மொழி மாறியும் பிழைத்துக்கொண்டது. சொல்லின் ஓசையை வைத்து விளையாடும் சிலேடை அப்படிப் பிழைக்காது. உங்களுக்கு இது முக்கியம். ஏனென்றால் மகாராஷ்டிரத்தில் கடைப் பெயர்ப்பலகை தேவநாகரி எழுத்தில் மராத்தியில் இருந்தே ஆக வேண்டும். வேறு மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கடைகளுக்கும் 2022-இல் இந்த விதியை விரித்துவிட்டார்கள். ஆகவே தமிழ் வேடிக்கையை மராத்தியில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதாதீர்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் மொழியில் அவளையே ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள்.

இனி, மகனுக்கு. ஒரு மழைக்காலத்தில், மாட்டுங்காவில் குடை பழுதுபார்க்கும் கடை ஒன்றின் பலகையைப் படித்து நடுத்தெருவில் நின்று சிரித்தேன்: "மழை எங்கள் கூட்டாளி." கடை பூட்டியிருந்தது. மறுநாள் போனேன், பூட்டு. மூன்றாம் முறையும் பூட்டு. எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எங்கும் எழுதவில்லை. முறிந்த குடையோடு நனைந்துகொண்டு நின்றபோது அந்த வரி எனக்கு எரிச்சல்தான் ஊட்டியது. தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோகிறவர்களைப் பாருங்கள். ரப்பர் ஹார்னை அமுக்கினால் போதும், யார் வந்திருக்கிறார் என்று தெருவே தெரிந்துகொள்கிறது. ஒரு ஹார்ன் செய்யும் வேலையையாவது உங்கள் பலகை செய்ய வேண்டாமா?

ஆகவே விலை, எடை, திறக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவை முதலில், பெரிய எழுத்தில். அடைத்த பொட்டலமாக விற்றால் எடை, விலை, தேதி, முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றை அச்சிடுவது சட்டம். அதில் விளையாட்டுக்கு இடமில்லை.

அதன் பிறகு வேடிக்கை. அந்த வேடிக்கையும் ஒரு தகவலைச் சுமந்து வரட்டும். மாவு வாங்குகிறவருக்கு உள்ள ஒரே கவலை, எத்தனை நாள் தாங்கும், எப்போது புளிக்கும் என்பதுதான். மும்பைப் புழுக்கத்தில் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்த மாவு மாலைக்குள் பொங்கி வழிந்துவிடும். அதையே எழுதலாமே: "இன்று காலை 5 மணிக்கு அரைத்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம். நான்காம் நாள் மீண்டும் எங்கள் கடை." படிக்கிறவர் சிரிப்பார், மாவை எப்படிப் பயன்படுத்துவது என்றும் கற்றுக்கொள்வார். முறுக்குக்கு மகனே யோசிக்கட்டும், அவனுக்கு அந்தக் கை இருக்கிறது. வாரம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மூன்று மாதம் தொங்கும் ஜோக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு நேரத்தில் மட்டும் வேடிக்கை கூடவே கூடாது. மாவு கெட்டுப்போனது என்று ஒருவர் பொட்டலத்தோடு வந்து நிற்கும்போது மகனை உள்ளே அனுப்பிவிடுங்கள். அவருக்கு அன்றைய டிபன் போயிற்று, அலுவலகத்துக்கும் தாமதமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் புதுப் பொட்டலமோ பணமோ அப்போதே கொடுங்கள். அந்த வேலைக்கு உங்கள் கணவரின் கண்டிப்பான முகம்தான் பொருத்தம்.