ஆழ்கடல் ரைசரில் மிகப் பெரிய சவால் நீரின் அழுத்தம்தானா?

ரைசர் (கடலடியிலிருந்து மேலே மிதக்கும் கலத்துக்கு எண்ணெய், எரிவாயுவை ஏற்றிவரும் குழாய்), கடலடியில் கிடக்கும் குழாய் ஆகியவற்றின் வடிவமைப்பில் மிகக் கடினமானது ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் போக்கைப் பார்த்தால் நீங்கள் இத்துறைக்குள் நுழையவிருக்கும் மாணவர் என்று எண்ணுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அழுத்தம் சிறிய விஷயமல்ல. 2,000 மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய 200 பார், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. ஓரிடத்தில் ஏற்படும் நசுங்கல் குழாயின் நீளவாக்கில் பரவிச் செல்லக்கூடும் என்பதால் இடையிடையே தடிப்பான வளையங்களைப் பொருத்துகிறோம். ஆனாலும் அந்த அழுத்தம் என்றும் ஒரே அளவில் நிற்பது. அதற்கேற்ற சுவர்த் தடிமனைக் கணக்கிட்டுவிடலாம். எனக்குக் கவலை தந்தது ஓயாத அசைவுதான்.

சங்கிலியைப் போல வளைந்து தொங்கும் எஃகு ரைசர் கடலடியைத் தொடும் இடத்தில், மேலே மிதக்கும் கலம் அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் குழாய் தரையை விட்டுச் சற்றே எழும்பி மீண்டும் படிகிறது. நீரோட்டமும் சும்மா இருப்பதில்லை: 30 செ.மீ. விட்டமுள்ள குழாயை நீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கடந்தால், அதன் பின்புறம் ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுழல்கள் உதிரும்; அந்த வீதம் குழாயின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் குழாய் அதிரத் தொடங்கிவிடும். இப்படி வளைந்து நிமிர்வதில் முதலில் சோர்வது வெல்டிங் மூட்டுகள்தாம். அங்கே தகைவு (சுமையால் உலோகத்துக்குள் ஒவ்வொரு பரப்பலகிலும் எழும் விசை) கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

இதை நான் கணினித் திரையில் கற்கவில்லை. குழாய் பதிக்கும் கப்பலுக்கு முதன்முறையாகச் சென்றிருந்தபோது, தரைதொடும் பகுதிக்கென உள்விட்டம் அளந்து பிரித்து வைத்திருந்த குழாய்களில் ஒன்று முனை நசுங்கி நிராகரிக்கப்பட்டு, அதன் இடத்தில் பிரிக்கப்படாத வேறொரு குழாய் வரிசைக்குள் வந்திருந்தது. வெல்டிங்குக்காக இரு முனைகளையும் பொருத்தியபோது, அனுபவமிக்க வெல்டர் ஒருவர் என்னை அழைத்து, உட்புறத்தில் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டுப்பட்டது. அளந்தால் இரு முனைகளின் உட்சுவர்களுக்கிடையே ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு. எங்கள் கணக்கு அனுமதித்தது அரை மில்லிமீட்டர். 25 மி.மீ. தடிமனுள்ள சுவரில் அந்த வேறுபாடு மட்டுமே மூட்டின் ஆயுளில் ஏறக்குறைய கால் பங்கைத் தின்றுவிடும். கப்பலின் ஒவ்வொரு மணிக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் தொடரச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, வேறொன்றை அளந்து எடுத்துவரச் சில மணி நேரம் ஆனது.

"20 ஆண்டுகளுக்கான ரைசரை 200 ஆண்டுக் கணக்கில்தானே வடிவமைக்கிறீர்கள், பத்து மடங்கு காப்பு இருக்கும்போது கால் பங்குக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?" என்று இத்துறையில் இருப்பவர்களே கேட்கக்கூடும். அந்தப் பத்து மடங்கு, கடலடி மண் எவ்வளவு இறுகியிருக்கும், ரைசர் தனக்குத் தானே தோண்டிக்கொள்ளும் பள்ளம் எவ்வளவு ஆழமாகும், உட்புறத்தில் அரிப்பு எப்போது தொடங்கும் என்பன போன்ற அறியாமைகளுக்காக ஒதுக்கப்பட்டது. கண்ணெதிரே அளந்து தெரிந்த பிழையை அதில் கழித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அதுவும், பதித்த பின் எளிதில் எட்டிப் பார்க்க முடியாத மூட்டில்.

கடலடிக் குழாயிலும் நிலைமை வேறல்ல. 10 கி.மீ. நீளக் குழாய் 80 டிகிரி சூடேறினால், தடையின்றி விட்டால் 9 மீட்டருக்கு மேல் நீளும். மண்ணின் உராய்வு அதைத் தடுப்பதால் பக்கவாட்டில் வளையும். ஒவ்வொரு முறை உற்பத்தியை நிறுத்தித் தொடங்கும்போதும் அதே வளைவில்தான் திரும்பத் திரும்பச் சுமை விழுகிறது. இதற்கு வேண்டிய மண் ஆய்வு முடிவுகள், நான் பணியாற்றிய திட்டங்களில் பெரும்பாலும் குழாய்களுக்கு ஆணை கொடுத்த பிறகே எங்கள் கைக்கு வந்தன. இன்றும் எனக்கு ஆறாத மனக்குறை அது.