முதல் ஒரு நிமிடம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு எலக்ட்ரானிக் டான்ஸ் சிங்கிள் கேட்டேன். ஆறரை நிமிடம். வரி என்று பார்த்தால் ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். மிகவும் பிடித்துப்போய் நண்பர்கள் குழுவில் பகிர்ந்து, நாலு வரி புகழ்ந்தும் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் பதில்கள் வந்துவிட்டன. ‘முதல் ஒரு நிமிஷம் வெறும் டொம் டொம்’, ‘கம்ப்யூட்டர் போட்ட பாட்டு’, ‘கடைசி வரை ஒரே மாதிரி’. வெட்கமாகிவிட்டது. எழுதியதை அழித்துவிட்டேன். இவர்கள் ரசனை கெட்டவர்களா, இல்லை எனக்குத்தான் இசை தெரியாதா? இந்த வகை இசை கலைதானா? பாட்டின் சுட்டியையும் இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, நீங்களே கவனிக்கவில்லை. பாட்டு ஆறரை நிமிடம். தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஒருவர்கூட முழுசாகக் கேட்கவில்லை. கேட்காதவர்கள் பேச்சை நம்பி, கேட்டவரான நீங்கள் எழுதியதை அழித்திருக்கிறீர்கள். அது தப்பு, தம்பி. அந்த நாலு வரி நன்றாக இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். உங்களுக்குள் நடந்த ஒன்றுக்கு அது சாட்சி. சாட்சியைக் கலைப்பதற்கு உங்களுக்கும் உரிமை கிடையாது.

அப்புறம், நண்பர்களை ‘ரசனை கெட்டவர்களா’ என்று கேட்பதையும் விடுங்கள். அவர்கள் செய்ததையேதான் நீங்களும் செய்கிறீர்கள். கலையா இல்லையா என்ற கேள்விக்கு நான் நேரம் செலவழிக்கப்போவதில்லை. பிடித்த ஒன்றுக்குச் சான்றிதழ் தேடும் கேள்வி அது.

‘கம்ப்யூட்டர் போட்ட பாட்டு’ என்பதற்கு மட்டும் ஒரு தகவல். 1977இல் டோனா சம்மர் பாடிய ‘ஐ ஃபீல் லவ்’ இந்த இசையின் தாய்ப்பாட்டுகளில் ஒன்று. இசைத் தயாரிப்பாளர் ஜோர்ஜியோ மொரோடரும் கூட்டாளிகளும் அதை மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் கட்டினார்கள். அந்தக் கருவி கொஞ்ச நேரத்திலேயே சுருதி விலகிவிடும். நிறுத்தி, சுருதி சேர்த்து, துண்டு துண்டாகத்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் உண்டே, கிக் டிரம், அதன் கனம் மட்டும் அதில் சரியாக வரவில்லை. அதனால் கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து, பாட்டு முழுக்க அந்த ஒற்றை அடியைக் காலால் மிதித்தார். இயந்திரம் என்று உலகம் நினைத்த அடி ஒரு மனிதரின் கால். இன்னொன்று, அந்தப் பாட்டை முதலில் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டுத்தான் வெளியிட்டார்கள். வெளியிட்டவர்களின் முதல் அபிப்பிராயமே அவ்வளவுதான்.

சரி, அந்த முதல் ஒரு நிமிடத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீங்கள் அனுப்பிய பாட்டை மூன்று முறை கேட்டேன். வேகம் நிமிடத்துக்கு 128 அடி. நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். 32 பார் என்றால் 128 அடி, அதாவது மிகச் சரியாக ஒரு நிமிடம். உங்கள் நண்பர் ‘ஒரு நிமிஷம் வெறும் டொம் டொம்’ என்று எரிச்சலோடு சொன்னாலும் அளவைத் துல்லியமாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த 32 பாரை, நடன அரங்கில் பாட்டுகளை இடைவிடாமல் கோத்துப் போடும் டிஜேவுக்காக விட்டிருக்கிறார்கள். போய்க்கொண்டிருக்கும் பாட்டின் கடைசி நிமிடத்தின்மேல் இந்தப் பாட்டின் முதல் நிமிடத்தை அவர் வைக்கிறார். இரண்டு அடியும் ஒன்றாக விழும்போது பழைய பாட்டின் பேஸை, அதாவது அடியாழ ஒலியை, குறைத்துப் புதியதின் பேஸை ஏற்றுகிறார். ஆடுகிறவருக்குக் கால் நிற்காது. தையல்காரர் விளிம்பில் தையலுக்கென்று துணி விடுவார் இல்லையா, அதுதான் இது. அந்த விளிம்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, இந்தச் சட்டையில் வேலைப்பாடே இல்லை என்கிறார் உங்கள் நண்பர்.

இந்த நீளம் வந்த கதையும் அழகானது. 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் நடன அரங்குகளுக்காகப் பாட்டுகளை நீட்டித் தந்துகொண்டிருந்தார். ஒருநாள் சோதனை இசைத்தட்டு வெட்டப் போன இடத்தில் 7 அங்குலத் தட்டுகள் தீர்ந்துவிட்டன. இருந்தது 10 அங்குலம். சின்னப் பாட்டு பெரிய தட்டின் ஒரு மூலையில் பார்க்க நன்றாக இல்லை என்று வரிப்பள்ளங்களை அகலமாக விரித்து வெட்டச் சொன்னார். போட்டுக் கேட்டால் சத்தமும் பேஸும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டன. அங்கிருந்து, நீட்டிய பாட்டுக்கும் இடம் தரும் 12 அங்குல சிங்கிள் வந்தது. ஆக, நீளமும் பேஸும் சேர்ந்தே பிறந்தவை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்க முடியாது.

உங்கள் நண்பர்கள் எதில் கேட்டார்கள்? போனில்தானே? கிக் டிரம்மின் கனமெல்லாம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. போன் ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அவர்கள் கேட்டது அடியின் மேல்தோலை மட்டும். அடி விழும்போதெல்லாம் பேஸ் ஒதுங்கி வழிவிட்டுத் திரும்ப எழும்பும், பாட்டு மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். போனில் அந்த மூச்சு கேட்காது. அவர்கள் எழுதியது போனைப் பற்றிய அபிப்பிராயம்.

இதைக் கோபமாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் பழைய தாள்களை அடுக்கும்போது நான் எழுதிய ஒரு மதிப்புரை கிடைத்தது. இருபத்து மூன்று வயதில் ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதியது. ஒரு டான்ஸ் சிங்கிளைப் பற்றி ஆறே வரி. கடைசி வரி: ‘தொடங்கிய இடத்திலேயே நின்று சுற்றும், மாற்றமே இல்லாத பாட்டு’. கையகல டேப் ரிக்கார்டரில், பாதியை ஓட்டிவிட்டுக் கேட்டு எழுதினேன். பாராட்டு வேறு வந்தது.

சில மாதம் கழித்து, ஒலியமைப்பு வேலை பார்த்த நண்பனோடு ஒரு பெரிய அரங்குக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சிக்கு முந்தைய மதியம், ஆள் இல்லை. சவுண்ட் செக்குக்கு அவன் போட்டது அதே பாட்டு. பெட்டி தூக்க வந்த ஒருவர், பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியான சப்-ஊஃபரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். நடு வயது. காது ரொம்பவும் மந்தம், அவரிடம் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். கண்ணை மூடியிருந்தார். இரண்டு கைகளும் முட்டியின்மேல் விரிந்திருந்தன. கட்டைவிரல்களை விட்டுவிட்டு மீதி எட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், பாருக்கு ஒரு விரல். எட்டாவது விரல் மடங்கிய நொடியில் பாட்டில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது. விரல்களை விரித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எட்டாவதில் ஒரு சத்தம் விலகியது. ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒரு இடத்தில் அடி மொத்தமாக நின்றது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் மடங்கிக்கொண்டே போயின. எட்டாவது விரலுக்கு முன்பே அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடி திரும்ப விழுந்தது, பெட்டியின்மேல் வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது.

மாற்றமே இல்லை என்று அச்சில் எழுதியவன் நான். அத்தனை மாற்றத்தையும் முதுகால் கேட்டவர் அவர். அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எந்தச் சைகையில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பாட்டு முடிந்ததும் அவர் எழுந்து அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். அவர் பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

ஒரே மாதிரி என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வரும். திரும்பத் திரும்ப வரும் ஒன்று இருந்தால்தான் அதில் நூலளவு விலகினாலும் காது பிடிக்கும். உங்கள் பாட்டில் அந்த ஒற்றை வாக்கியம் இரண்டாம் நிமிடத்தில் மங்கலாக, சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி வருகிறது. நாலாம் நிமிடத்தில் அதே வாக்கியம் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சொல்லில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அது கேள்வியாக இருந்தது, இப்போது பதிலாகிவிட்டது. அதுதானே உங்களுக்குப் பிடித்தது? அதைத்தானே அழித்துவிட்டீர்கள்?

நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். நின்றுகொண்டு, முதல் அடியிலிருந்து கேளுங்கள். நாலாம் நிமிடம் முடியும்போது அடி நிற்கிறதே, அங்கே எண்ணுங்கள். நான் மூன்று முறை எண்ணினேன். எட்டு பாரில் திரும்பியிருக்க வேண்டும், உங்கள் பாட்டைப் போட்டவர் ஒன்பதாவது பார் வரை காக்க வைக்கிறார். அந்தக் கூடுதல் ஒரு பாரில் உங்கள் உடம்புக்கு என்ன ஆனது என்று எழுதி அனுப்புங்கள். நாலு வரி போதும்.