யார் பக்கம் பேசுவீர்கள்? தெரபிஸ்ட்டிடம் சில கேள்விகள்

மதுரையில் தனிநபர்களுக்கும் தம்பதிகளுக்கும் உளவியல் சிகிச்சை தருகிறேன். கேள்விகள் நிறைய வந்திருந்தன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உதாரணங்களில் ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: மேடம், நீங்கள் டாக்டரா? மாத்திரை தருவீர்களா? போர்டு வைத்த எல்லோரையும் நம்பலாமா?

பதில்: மாத்திரை தர மாட்டேன், தரவும் கூடாது. மருந்து எழுத மருத்துவராக இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு மனநல மருத்துவம் படித்தவர். நான் உளவியலில் எம்.ஏ., அப்புறம் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். அந்த இரண்டு வருடப் படிப்பு வகுப்பறையைவிட வார்டில்தான் அதிகம் நடந்தது. குடியை நிறுத்த வந்தவர்கள், மனச்சிதைவு உள்ளவர்கள், அவர்களோடு வந்து ராத்திரி முழுக்கத் தரையில் படுத்திருந்த மனைவிகள், அம்மாக்கள் என்று எல்லோரிடமும் பேசிப் பேசிக் கற்றதுதான் இன்றைக்கும் கை கொடுக்கிறது. எதற்கெடுத்தாலும் சோர்வு என்று ஒருவர் வந்தால், முதலில் தைராய்டும் ரத்த சோகையும் பார்த்தாச்சா என்று கேட்கிற பழக்கம் அங்கே வந்ததுதான்.

மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் வருடச் சட்டம் அது. பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். 'கவுன்சிலர்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: அக்கா, திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேனோ என்று பயம். இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். எல்லோரும் 'மனசுதான்' என்கிறார்கள். பேசினால் இது போய்விடுமா?

பதில்: வெறுமனே பேசினால் போகாதும்மா. நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக் மாதிரி தெரிகிறது, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதில் வருகிற படபடப்பு நிஜம், நடிப்பு இல்லை. ஆனால் இதயம் வேகமாக அடித்ததும் 'ஹார்ட் அட்டாக்' என்று மனம் சொல்கிறது, அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது, அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றை உடைக்க வேண்டும்.

இதய மருத்துவர் பயமில்லை என்று சொன்னபிறகு, என் அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொல்வேன். அல்லது குளிர்பானம் குடிக்கிற மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொல்வேன். அதே படபடப்பு, அதே மூச்சுமுட்டல் வரும். தப்பித்து ஓடாமல், தண்ணீர் குடித்து மறைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும். பத்து பேர் சொல்லி நம்பாததை உடம்பு அப்போது நம்பும். இதையே திரும்பத் திரும்பச் செய்வோம், வீட்டுப்பாடமும் உண்டு. பயந்து ஒதுக்கிய பஸ், லிஃப்ட், கூட்டமான துணிக்கடை எல்லாவற்றுக்கும் படிப்படியாகத் திரும்பப் போவீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் தொடங்கிவைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வழி இது. இந்தப் பிரச்சினைக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருடம். தினமும் சண்டை. தம்பதியாக வந்தால் யார் பக்கம் பேசுவீர்கள்? என் மனைவி நீங்களும் பெண் என்பதால் அவளுக்குத்தான் சாதகமாகப் பேசுவீர்கள் என்று நம்புகிறாள்.

பதில்: இரண்டு பேருமே என்னிடம் தீர்ப்பு வாங்கத்தான் வருகிறார்கள். நான் தீர்ப்பு சொல்வதில்லை. முதல் முறை இருவரையும் சேர்த்துப் பார்ப்பேன், அடுத்து ஒவ்வொருவரையும் தனியாக, அப்புறம் மறுபடி சேர்த்து. எனக்கு வேண்டியது உங்கள் சண்டை எப்படி நடக்கிறது என்பது.

ஒரு தம்பதி. கணவர் வேலை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு வருவார். மனைவி கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா, அங்கேயே படுத்திருக்கலாமே" என்பார். இவர் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு டிவியைப் போடுவார். அவர் குரல் ஏறும், இவர் டிவி சத்தத்தை ஏற்றுவார். மாமியார் எழுந்து வருவார், முடிந்தது. இந்த இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினோம். செருப்பைக் கழற்றும்போது மனசில் என்ன ஓடியது என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாடி ஏறும்போதே தோத்துட்டுத்தான் ஏறுறேன்" என்றார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். மனைவிக்கு அது தெரியவே தெரியாது. டிவியைப் போட்டதும் 'நீ எனக்கு ஒரு பொருட்டே இல்லை' என்று அவர் சொல்வதாகத்தான் இத்தனை வருடமும் மனைவி எடுத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த ஏக்கம் குத்தலாக வெளியே வருகிறது, பயம் மௌனமாக வருகிறது. உளவியலாளர் சூ ஜான்சன் 1980-களில் லெஸ்லி கிரீன்பெர்க்கோடு சேர்ந்து உருவாக்கிய உணர்வுமையச் சிகிச்சை இதைத்தான் பார்க்கிறது, என் வேலையில் பாதி அதன்படிதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் பல வருடம் தம்பதிகளைக் கவனித்து, உறவை அரிக்கிற நான்கைச் சொன்னார்: குறை சொல்வது, இளக்காரம், உடனே தற்காத்துக்கொள்வது, பதிலே பேசாமல் சுவர் மாதிரி ஆகிவிடுவது. நான்கில் இளக்காரம்தான் மோசம். "உங்க அப்பா வளர்த்த லட்சணம்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அந்த இடத்தில் மட்டும் நடுநிலை பார்க்க மாட்டேன், சொல்வது யாராக இருந்தாலும் சரி.

கேள்வி: தனியாகப் பேசும்போது சொன்னதைத் துணையிடம் சொல்வீர்களா? ஃபீஸ் கட்டுகிற அப்பா கேட்டால்?

பதில்: உங்களுக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் அப்பாவிடம் சொல்ல மாட்டேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே ரகசியத்தை உங்கள் உரிமை என்கிறது. விலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் (போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்), நீதிமன்றம் கேட்டால்.

தம்பதி விஷயம் கொஞ்சம் சிக்கல். இன்னொரு உறவு இப்போதும் நடக்கிறது, அதை மறைத்துக்கொண்டே தம்பதி சிகிச்சைக்கு வருகிறேன் என்றால் நான் தொடர மாட்டேன். அதை முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிடுவேன். நானாகப் போட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொல்வதற்கு உதவுவேன், அல்லது தம்பதி சிகிச்சையை நிறுத்திவிடுவேன்.

கேள்வி: அவர் கை நீட்டுவார். மற்றபடி நல்லவர். இரண்டு பேரும் சேர்ந்து வரலாமா?

பதில்: இப்போது சேர்ந்து வர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். என் முன்னால் நீங்கள் மனம் திறந்து சொன்ன ஒன்றுக்கு வீட்டுக்குப் போனதும் அடி வாங்குவீர்கள் என்றால் அந்த அறை உங்களுக்குப் பாதுகாப்பில்லை. அடிப்பது அடிப்பவர் பொறுப்பு. அதை 'இருவருக்கும் இடையிலான பிரச்சினை' என்று நான் உட்கார்ந்து பேசினால் பாதிப் பழியை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று அர்த்தம். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் உண்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டை விட்டு உடனே வந்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகள் சான்றிதழ், கொஞ்சம் பணம் இவை நம்பிக்கையான ஒரு இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: என் சம்பளம் பதினைந்தாயிரம். உங்களை மாதிரி ஆட்களிடம் வர முடியுமா?

பதில்: முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். போனில் பேச 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மெண்ட் எல்லாம் பார்க்காமல் உடனே அதற்குக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் வர மாட்டேன் என்கிறார். 'எனக்கென்ன பைத்தியமா' என்று கேட்கிறார்.

பதில்: நீங்கள் மட்டும் வந்தாலும் வேலை இருக்கிறது, சண்டையில் ஒருவர் தன் பங்கை மாற்றினாலே அது பழையபடி நடப்பதில்லை. அவரைக் கூப்பிடுவதானால் சண்டைக்கு நடுவில் கூப்பிடாதீர்கள். "உங்களுக்குத்தான் ட்ரீட்மெண்ட் வேணும்" என்று சொன்னால் எவரும் வர மாட்டார். "உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல, எனக்காக ஒரு தடவை வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். முன்னாடியே அவர் என்னிடம் போனில் பேச விரும்பினால் பேசட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். பொய் சொல்லி மட்டும் கூட்டி வராதீர்கள். சுகர் டெஸ்ட் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முதலில், உங்களை என்ன சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்று கேட்பேன். இது என்ன இடம் என்று சொல்வேன். கிளம்புகிறேன் என்றால் தடுக்க மாட்டேன்.